சளியோடு போனோம், திருப்பி அனுப்பினார்கள்

அக்கா மகனுக்கு நேற்று மதுரையில் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்திருக்க வேண்டும். மண்டபம் ஊரிலிருந்து இருட்டோடு பஸ் ஏறிப் போனோம். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். காய்ச்சல், இளைப்பு, கெட்டியான மஞ்சள் சளி. நான்கு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்.

மச்சான் கொதித்துப்போனார். கடலுக்குப் போகாமல் வந்தவர், கோபம் புரிகிறது. ஆனாலும் நான் அந்த மருத்துவர் பக்கம்தான். சளி பிடித்த மூச்சுக்குழாய் தொட்டாற்சிணுங்கி மாதிரி. மயக்கத்தில் குரல்வளை சட்டென்று இறுகி மூடிக்கொள்ளலாம். உடம்பில் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கிவிடும். மூக்கொழுகல் நின்ற பிறகும் அந்தக் கூச்சம் சில வாரங்கள் இருக்கும்.

வீட்டில் யாராவது பீடி குடிக்கிறார்களா என்றும் கேட்டார். அந்தப் புகையும் ஆபத்தைக் கூட்டுமாம். மச்சான் ஒன்றும் பேசவில்லை.

இது வாடைக்காற்று மாதம். நம் கரையில் சளியில்லாத பிள்ளை ஏது? தேதி தள்ளிப்போகுமே என்று இருமலை மறைக்காதீர்கள், தாய்மார்களே! முந்தின நாளே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். குடலிறக்க வீக்கம் கெட்டியாகி வலித்தாலோ, பிள்ளை வாந்தி எடுத்தாலோ மட்டும் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.