கல்மதில் வேண்டாம், கரமடி இருக்கிறது

தைவானின் பெங்ஹூ தீவுகளில் கடலுக்குள் கல்லடுக்கி மீன் பிடிக்கும் மதில்களின் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம முட்டத்திலும் ஒண்ணு கட்டி சுற்றுலாவுக்கு விடலாமே" என்று குமரி மாவட்டக் கடற்கரை ஊரான முட்டத்தில் கேட்பவர்கள் உண்டு. கட்டலாம். மீன் சிக்காது.

அந்த மதிலுக்கு ஏற்றவற்றம் வேண்டும். பெங்ஹூவில் கடல் 3 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஏற்றத்தில் மதில் மூழ்கும், மீன் உள்ளே வரும். வற்றத்தில் வழிதேடும் மீன் சுவரோரமாகவே நீந்தி, உட்பக்கம் சுருண்ட முனையில் திரும்பி மறுபடி உள்ளேயே போகும். சிமெய் தீவில் 1937-இல் கட்டிய இரட்டை இதய மதிலின் வடிவத்துக்கு வேலையே இதுதான். காதலர்கள் படமெடுப்பது பிற்பாடு வந்தது. எரிமலைக் கல்லும் பவளக் கல்லும் சாந்தில்லாமல் அடுக்கியவை, அதனால் இடுக்கு வழியே தண்ணீர் மட்டும் வடியும். குமரிக் கடலில் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். ஆனி, ஆடி அலைக்கு அந்தக் கல் நிற்கவும் நிற்காது.

நம்மிடம் காட்ட இருப்பது கரமடி, கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை. ஒரு வடத்தின் (தடித்த கயிற்றின்) நுனியைக் கரையில் கொடுத்துவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். வடம், பக்கவலையான சிறகு, நடுவில் மீன் சேரும் பையான மடி, மறு சிறகு, மறு வடம் என்று வரிசையாக இறக்கி, அரைவட்டம் போட்டுக் கரை சேரும். சிறகில் கண்ணி பெரிது, மடியில் நெத்தலியும் தப்பாத அளவு சிறிது. பிறகு இரண்டு குழுவும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மடிவாய் கோணிப்போகும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வலையை ஒதுக்கும் பக்கமாக இரு குழுவும் இழுத்தபடியே நகர வேண்டும், நகர நகர நெருங்கவும் வேண்டும். கடைசி நேரம்தான் முக்கியம்: ஈயம் கட்டிய அடிக்கயிறு மணலை விட்டு ஒரு சாண் எழும்பினாலும் மீன் அடியில் பாய்ந்துவிடும். அதனால் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு மூன்று பேர் இறங்கி அதைக் காலால் மிதித்தபடியே வருவார்கள். சில நாள் மடி நிறையச் சொறிதான் (ஜெல்லிமீன்) இருக்கும்.

பார்க்க வருபவர் வடத்தின் வால் பக்கம் கைபோடலாம். அலை அடிக்கும் முன்வரிசையிலும், சுருட்டிய வடத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. பங்குனி ஆமை சிக்கினால் படமெடுக்க நிறுத்திவைக்காமல் உடனே விடவேண்டும். 1972 வனவிலங்குச் சட்டம் காக்கும் உயிர் அது.

கரமடிக்குப் பார் (கடலடிப் பாறை) இல்லாத அடிமணலும், இரு குழுவும் விலகி நிற்கச் சில நூறு மீட்டர் திறந்த கரையும் வேண்டும். இங்கேதான் கல் குறுக்கே வருகிறது. கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல்வரிசையான தூண்டில் வளைவிலிருந்து உருண்ட கல்லில் அடிக்கயிறு கொளுவினால் வலை கிழியும். கடலரிப்புச் சுவர் அலையோடு ஒட்டி நிற்கும் இடத்தில் இழுப்பவர் பின்வாங்கவே இடமில்லை. வீடு கடலுக்குள் போகிற ஊர் கல் கேட்பது நியாயம்தான். ஆனால் வீடில்லாத மணல்பகுதிகளிலாவது கல் போடாமல் விடலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் மாதிரி வள்ளத்துக்குச் செலவழிப்பதைவிட இது மலிவு.

"தினமும் காலை 7 மணிக்கு கரமடி" என்று பலகை வைத்தால் கெட்டது. மீன் கூட்டம் தெரிந்து, கடலும் இடம் கொடுத்தால்தான் வலை இறங்கும். பார்வையாளர் கட்டணம் வாங்குவதானால், பாதியையாவது வெறும் மடி ஏறும் நாளில் இழுப்பவர்களுக்குக் கூலியாக ஒதுக்க வேண்டும். கிடைத்த மீனில் பங்கு தரும் முறையில் மீன் இல்லையென்றால் கூலியும் இல்லை. இளையவர்கள் வடத்தை விட்டு வேறு வேலைக்குப் போவது அதனால்தான்.