இரண்டு மணி மருந்து

டிசம்பர் 3

அப்பாவுக்கு மாத்திரை 10 மணிக்கு, அப்புறம் 2 மணிக்கு. நடுவில் கண்ணயர்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போய்விடுமோ என்று பயம். அக்கா மகன் தன் பழைய லேப்டாப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். "இதுல ஒரு கேம் போட்டு வெச்சிருக்கேன் சித்தி. சோழர் எல்லாம் வருவாங்க. ராத்திரிக்கு ஆகும்." க்ரூசேடர் கிங்ஸ் 3. சுவீடன்காரர்கள் 2020-இல் வெளியிட்டது. திறந்தால் ஐஸ்லாந்து, இந்தியா எல்லாம் ஒரே வரைபடத்தில். பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

டிசம்பர் 4

சோழ நாட்டை எடுத்தேன். 1066, வீரராஜேந்திரன். பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோன பெயர், இங்கே கிரீடத்தோடு நிற்கிறார். எனக்குக் கீழே எத்தனையோ சிற்றரசர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு முகம், ஒரு கோபம். என்ன செய்வதென்று தெரியாமல் காலத்தை ஐந்தாம் வேகத்தில் ஓடவிட்டேன். செய்திகள் வந்து விழுந்தன; படிக்காமலே தள்ளிவிட்டேன். சில வருஷத்தில் அரசர் இறந்தார். புது அரசன்மேல் யாருக்கும் மதிப்பில்லை. சிற்றரசர்கள் அணி சேர்ந்துகொண்டு ஓலை அனுப்பினார்கள். 2 மணி ஆவதற்குள் நாடு துண்டு துண்டாகிவிட்டது.

அப்பாவுக்கு மருந்து கொடுத்தேன். "என்னம்மா வெளிச்சம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

டிசம்பர் 5

அண்ணன் போன் செய்தான். நிலத்தைப் பற்றித்தான்.

டிசம்பர் 7

தோற்றதை அக்கா மகனிடம் சொன்னேன். "நீச்சலை யாராவது ஆத்துல பழகுவாங்களா சித்தி? முதல்ல கெணத்துல பழகுங்க" என்றான். அந்தக் கிணறு அயர்லாந்தாம். ஆட்டத்தின் பயிற்சிப் பாடமே அங்கேதான் நடக்கிறது: தெற்கில் மன்ஸ்டர் என்ற சிறு நாடு, மர்கட் என்ற சிற்றரசன். கடல் சூழ்ந்த தீவு, அக்கம்பக்கத்தில் எல்லாரும் சின்னவர்கள். பெரிய பேரரசு எதுவும் சட்டென்று வந்து விழுங்கிவிடாது.

கிணறு என்றதும் ஏற்காட்டு மலையில் எங்கள் நாகலூர்க் கிணறு நினைவுக்கு வந்தது. எனக்கு எட்டு வயது. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பா இறக்கிவிட்டார். கயிற்றின் மறுமுனை அவர் கையில். "கையைக் காலை அடிக்காத. மொதல்ல சும்மா மித" என்றார்.

டிசம்பர் 9

ஸ்பேஸ் பட்டையைத் தட்டினால் காலம் நிற்கிறது. இந்த ஆட்டத்தில் முதலில் கற்க வேண்டியது இதுதான், சோழ நாட்டில் எனக்கு இது தெரியவில்லை. செய்தி வந்தால் நிறுத்து, படி, புரிந்தால் மட்டும் மறுபடி ஓடவிடு. அவசரப்படுத்த யாரும் இல்லை.

சொல் புரியாவிட்டால் அதன்மேல் சுட்டியை வைத்தால் விளக்கம் விரிகிறது. விளக்கத்துக்குள் இருக்கும் சொல்லுக்கும் இன்னொரு விளக்கம். ஒரு இரவு முழுக்க 'உரிமை' என்ற ஒரே சொல்லில் போயிற்று. அடுத்தவன் மண் வேண்டுமென்றால் அதன்மேல் உரிமை வேண்டும், சும்மா படையெடுக்க முடியாது. பிஷப்பை அந்த ஊருக்கு அனுப்பினால் அவர் பழைய ஓலை எதையாவது கிளறி உரிமை ஒன்றைத் தயாரித்துக்கொண்டு வருவார். அதற்குக் காலமும் பொன்னும் ஆகும். ஆனால் உரிமையோ வேறு தகுந்த காரணமோ இல்லாமல் போரே கிடையாது.

டிசம்பர் 12

மேலே, மலைத் தோட்டத்துக்குப் போய் வந்தேன். இருபது வளைவும் பனிமூட்டம், பஸ் விளக்குப் போட்டுக்கொண்டுதான் ஏறியது. காப்பிப் பழம் பறிப்பு பாதிதான் ஆகியிருக்கிறது, ஆள் கிடைக்கவில்லை. களத்தில் கொட்டியது காயவில்லை, ஈரமாக ஒட்டுகிறது. மூன்று ஏக்கர்தான். சில்வர் ஓக் மரம் ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி ஏற்றியது அப்பா. எந்தக் கொடி எந்த வருஷம் என்று மரத்தைத் தொட்டே சொல்லுவார். ஒரு கொத்து மிளகைப் பறித்துக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தார். வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார்.

டிசம்பர் 13

மூச்சு சரியில்லை. ஆட்டம் இல்லை.

டிசம்பர் 16

முதல் போர். ஜெயித்தேன், ஆனால் கஜானா பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. படையைத் திரட்டிய மாதத்திலிருந்து அதற்குச் செலவு ஆகும். நான் முன்கூட்டியே திரட்டி, எதிரி வருவான் வருவான் என்று உட்கார வைத்திருந்தேன். காசு முதலில், போர் அப்புறம். போர் அறிவிக்கும் பலகையிலேயே எதிரிக்கு யார் யார் துணை வருவார்கள் என்று போட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் பொத்தானைத் தொடக்கூடாது. துணை எனக்கும் வேண்டும் என்றால் கல்யாண சம்பந்தம்தான் முக்கிய வழி. பெண் கொடுத்து, பெண் எடுத்து.

மார்கழி பிறந்துவிட்டது. விடிகாலை கோயில் ஒலிபெருக்கி கேட்டதும்தான் நேரம் தெரிந்தது.

டிசம்பர் 18

மர்கட்டின் தாத்தா பிரையன் போரு 1014-இல் போரில் இறந்திருக்கிறார். ராஜராஜன் இறந்ததும் அதே 1014. அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து, "ஒரே வருஷமா" என்றார்.

டிசம்பர் 20

23 வருஷம் ஆண்ட பிறகு மர்கட் இறந்துவிட்டார். படுக்கையில், வயதாகி. நான் அழுதேன், அதை எழுதுவதில் தயக்கமில்லை. அரசன் இறந்தால் ஆட்டம் முடிவதில்லை. வாரிசாக நாம் மாறுகிறோம். பக்கத்து நாடு ஒன்றைப் பிடித்து இரண்டாவது சிற்றரசுப் பட்டமும் வாங்கி வைத்திருந்தேன். எல்லாம் என் கைக்கு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அந்தக் காலத்து அயர்லாந்தில் பாகப்பிரிவினைதான் சட்டம். மூத்தவனுக்கு மன்ஸ்டர். நான் பாடுபட்டுப் பிடித்த இரண்டாவது பட்டம் இளையவனுக்குப் போய், அவன் எனக்குக் கட்டுப்படாத தனி அரசனாகிவிட்டான். அண்ணன் மண்மேல் தம்பிக்கு உரிமை, தம்பி மண்மேல் அண்ணனுக்கு. இரண்டு பட்டமும் ஒரே தரம் என்பதால்தான் இந்தப் பிளவு. தீவில் பாதிக்கு மேல் பிடித்து 'அயர்லாந்து அரசன்' என்ற பெரிய பட்டத்தை முதலிலேயே எடுத்திருந்தால், பங்கு பிரிந்தாலும் எல்லாரும் ஒரு குடைக்கீழ் இருந்திருப்பார்கள். இது எந்தப் பயிற்சிப் பாடத்திலும் மனதில் தைக்கவில்லை. ஒருவர் செத்துத்தான் தைத்தது.

மகளுக்கு ஒன்றும் இல்லை. மகன் ஒருவன் இருக்கும்வரை மகள் பெயர் வாரிசு வரிசையில் மேலே வராது.

டிசம்பர் 21

அண்ணன் வந்திருந்தான். "உங்க ரெண்டு பேருக்கும் சீர் செஞ்சாச்சே" என்றான். அப்பா விழித்துத்தான் இருந்தார்.

டிசம்பர் 24

தூக்கம் இல்லை. ஆட்டத்தில் இல்லாமலே ஆட்டத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

1070-இல் சோழ நாட்டில் என்ன நடந்தது? வீரராஜேந்திரன் போனார், அவர் மகன் அதிராஜேந்திரன் அந்த வருஷமே போனார். அரியணையில் ஏறியது குலோத்துங்கன். வேங்கிச் சாளுக்கியர் பிள்ளை, ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையின் மகன். மகள் வழி. அப்புறமும் அது சோழ நாடாகத்தான் இருந்தது. யாரும் சோழர் முடிந்தார்கள் என்று கல்வெட்டு வெட்டவில்லை.

ஆட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மகளைச் சாதாரணமாகக் கட்டிக்கொடுத்தால் பேரப்பிள்ளை மாப்பிள்ளை குலம். நம் குலத்தில் வாரிசு இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது. ஆனால் கல்யாணப் பலகையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, தாய்வழித் திருமணம். அதைக் குறித்தால் பிள்ளைகள் தாயின் குலம். மாப்பிள்ளை வீட்டார் லேசில் சம்மதிக்கமாட்டார்கள், தேட வேண்டும். இப்போதைய என் அரசனுக்கு ஒரே மகள். தேடிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 25

1989-லேயே தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று சட்டம் ஆகிவிட்டது. நாடு முழுக்க 2005. அண்ணனிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு மிளகுக்கொடி வேண்டும், அவ்வளவுதான்.

டிசம்பர் 28

மோசமான இரவு.

ஜனவரி 2

கூட வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி நலம் விசாரித்துவிட்டு, "அந்த விளையாட்டை நானும் பழகணும் அக்கா, எங்க ஆரம்பிக்கறது?" என்றாள். இவ்வளவு நாளில் பிடிபட்டதைச் சொன்னேன். அயர்லாந்து. வேகம் இரண்டுக்கு மேல் வேண்டாம். 'அயர்ன்மேன்' என்று ஒரு முறை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் திரும்ப முடியாது. அது வேண்டாம், போருக்கு முன்னால் சேமித்துக்கொள். எல்லாவற்றையும் படித்துவிட்டு ஆடலாம் என்று காத்திருக்காதே, ஒரு இரவுக்கு ஒரு கேள்வி போதும். இன்றைக்குக் கல்யாணம், நாளைக்கு வரி. உலகத்தை வெல்வதை நினைக்காதே, பக்கத்து ஊர் ஒன்று போதும். முதல் நாடு போகும், போகட்டும்.

இன்னொன்றும் சொன்னேன். ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்த்து ஆடு. என் அரசன் இரக்கமுள்ளவன். சிறைபிடித்தவனைக் கொல்லச் சொன்னேன், கொன்றான், ஆனால் அவன் மனப்பாரம் ஏறிவிட்டது. ஒருவர் இயல்புக்கு மாறாக அவரை வளைத்தால் அவர் உடைந்துபோவார்.

ஜனவரி 5

அப்பாவுக்கு இன்று தெளிவு. தலையணை வைத்து உட்காரவைத்தேன். "அந்த வெளிச்சத்தைக் காட்டு" என்றார். லேப்டாப்பை மடியில் வைத்து, அயர்லாந்திலிருந்து மெதுவாக வரைபடத்தை இழுத்துக்கொண்டு வந்தேன். கடல், பாலைவனம், மறுபடி கடல், அப்புறம் நம் கரை. சக்கரத்தை உருட்டிக் கிட்டே கொண்டுவந்தேன். பச்சை, மேடு, ஆறு.

"காவேரி" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. விரலை அதன் வடக்கே நகர்த்தி ஓர் இடத்தில் வைத்து அழுத்தினார். "சேர்வராயன் இங்கதான் வரணும்." மலை அங்கே வரையப்பட்டிருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. விரல் பட்ட இடத்தில் திரையில் எண்ணெய்த் தடம். தைலம் தடவிய கை. துடைக்கவில்லை.

"மூணு பங்கு" என்றார் அப்புறம். "அண்ணன வரச் சொல்லு."

ஜனவரி 6

சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தேன். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பதிவு செய்வார்களாம், மனு கொடுக்க வேண்டும். அக்காவுக்குச் சொல்லியாயிற்று. அண்ணன் போனை எடுக்கவில்லை.

ஜனவரி 7

எடுத்தான். வருகிறானாம். வேறு எதுவும் பேசவில்லை.

ஜனவரி 8

2 மணி மருந்து கொடுத்தாயிற்று. இரக்கமுள்ளவன் போய்விட்டான், இப்போது நான் அந்த மகள். 1112 மார்ச். நிறுத்தி வைத்திருக்கிறேன். பிள்ளை பிறந்திருக்கிறது, எங்கள் குலம்தான். பெயர் வைக்கச் சொல்லிப் பெட்டி ஒன்று திறந்து நிற்கிறது. என்ன வைப்பது என்று

அப்பா கூப்பிடுகிறார்.