பெருசா வாங்கினா பவர் வந்துடுமா?

"புது கார்புரேட்டர் எழுநூத்தம்பதே வாங்கிடலாம் மச்சி, பவர் அள்ளும்!"

ஹூஸ்டனில் நண்பன் வீட்டு கராஜ். 1978 செவ்ரோலே சி10 பிக்கப், பானட் திறந்து கிடக்கிறது.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தருவது கார்புரேட்டர். இதிலிருக்கும் பழைய குவாட்ராஜெட்டில், காற்றுக் கதவைத் தாங்கும் த்ராட்டில் ஷாஃப்டை விரலால் தொட்டாலே லொடலொடவென்று ஆடுகிறது. அந்த இடுக்கில்தான் திருட்டுக் காற்று நுழைகிறது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, வண்டி அணைந்து அணைந்து போவது அதனால்தான்.

எழுநூத்தம்பது என்பது கார்புரேட்டர் வழியாக நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகும் என்ற அளவு. ஃபோனில் கணக்குப் போட்டேன். இன்ஜின் 350 கன அங்குலம். 5000 ஆர்பிஎம்மால் பெருக்கி 3456ஆல் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 506 கன அடி காற்று. தெருவில் ஓடுற இன்ஜின் அவ்வளவுகூட இழுக்காது. 600 கார்புரேட்டரே தாராளம்.

கார்புரேட்டர் வாய் பெருசானால் காற்றின் வேகம் குறையும், பெட்ரோல் சரியாக இழுபடாது. மிதித்ததும் வண்டி இருமும்.

"அப்ப இந்தப் பழசும் 750 தானேடா?"

நல்ல கேள்விதான். ஆனால் இதில் முன் துளை இரண்டும் சின்னது. பின்னால் இருக்கும் பெரிய இரண்டும் இன்ஜின் கேட்கிற அளவுக்குத்தான் திறக்கும். கலவையை இன்ஜினுக்குள் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டும் அதற்கேற்ற அமைப்பு. நாலு துளையும் ஒரே அளவான கார்புரேட்டரை உட்கார வைக்க அடாப்டர் பிளேட் தனியாக வேண்டும்.

ஷாஃப்டு ஆடாமலிருக்கப் புது புஷ் (உலோக வளையம்) அடித்துப் பழசையே ஓட்டலாம் என்பது என் கட்சி. அவனுக்கோ பளபளப்பு வேண்டும்.