ராயபுரத்து ஆட்டுக்குட்டியும் டியூரரின் முயலும்

இரண்டு மாதங்களாக ஒரே ஓர் ஆட்டுக்குட்டியைத்தான் நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன். ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் எதிர்வீட்டு ஆயா வளர்க்கும் செம்பழுப்புக் குட்டி அது. அதை வரையத் தூண்டியது, ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1502-இல் தீட்டிய இளமுயல். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய ஓவியப் புத்தகம் ஒன்றில் அந்த முயலை முதன்முதலாகப் பார்த்தபோது, அது நீர்வண்ணம் என்பதையே நான் நம்பவில்லை.

மூல ஓவியம் வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 25 செ.மீ. உயரமும் 23 செ.மீ. அகலமும் மட்டுமே கொண்ட அந்தத் தாள் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால், அரிதாகவே பார்வைக்கு வைக்கப்படுகிறது. அதில் புல் இல்லை, புதர் இல்லை. வெறுந்தாளில் முயலும் அதன் நிழலும், கீழே ஆண்டும் ஓவியரின் முத்திரை எழுத்துகளும் மட்டுமே உள்ளன. ஆனாலும் அந்த விலங்கு தரையில் கனமாக அமர்ந்திருப்பதை நாம் உணர்கிறோம்.

அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று தேடியதில்தான் என் பிழை எனக்குத் தெரிந்தது. முதல் மூன்று தாள்களிலும் நான் முடியிலிருந்தே தொடங்கியிருந்தேன். குட்டி, துடைப்பத்தைக் கட்டிவைத்ததுபோல் தட்டையாக வந்தது. டியூரரோ முதலில் நீர்த்த பழுப்பு வண்ணத்தைப் பரப்பி உடலின் திரட்சியைக் கொண்டுவந்துவிட்டு, அதன்மீதே கருங்கோடுகளாலும் வெளிர்கோடுகளாலும் முடியை இழைத்திருக்கிறார். முடி ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு திசையில் படிந்திருந்தாலும், நெற்றியில் குட்டையாகவும் மார்பில் நீளமாகவும் இருந்தாலும், இடப்பக்கத்திலிருந்து விழும் ஒளி அத்தனையையும் ஒரே உடலாகச் சேர்த்துப் பிடிக்கிறது. நீர்வண்ணத்தில் வெள்ளையைத் தொடவே கூடாது, தாளின் வெண்மையை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நான் கற்றிருந்தேன். அவர் ஒளி புகாத வெள்ளையைத் தயங்காமல் மேலே தீட்டியிருப்பதைக் கண்டபின் நானும் அதைக் கையில் எடுத்தேன். முடியைப் பொறுத்தவரை இதுவே சரியான வழி என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

கடலோரக் காற்றில் இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். முதல் பூச்சு முற்றிலும் உலர்ந்த பிறகே மெல்லிய தூரிகையை எடுக்க வேண்டும். ஈரத்தில் இழுத்த கோடு கசிந்து கறையாகிவிடும். தொட்டுப் பார்க்கையில் தாள் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். குட்டியைப் பற்றிய கவலையை ஆயாவே தீர்த்துவைத்தார். "மத்தியானம் தின்னுட்டு படுத்துக்கினா அசையாது தம்பி, அப்போ வந்து வரை" என்றார். அப்படியே நடந்தது, அசை போடும் தாடையும் காதுகளும் மட்டும்தான் ஆடின.

டியூரரின் ஒளியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் சந்து மிகவும் குறுகலானது. வெயில் பக்கவாட்டில் வராமல் உச்சியிலிருந்து சிறிது நேரமே இறங்குகிறது. அதனால் குட்டியின் முதுகுத்தண்டு வெளுத்துப் பளிச்சிடுகிறது. விலாவில் நிழல் விழுகிறது. சிமெண்ட் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் வயிற்றின் அடிப்பகுதிக்கு இளஞ்சூடான மஞ்சளைத் தருகிறது. நான்காம் தாளில் இதைக் கவனித்துத் தீட்டிய பிறகே அது எங்கள் சந்தின் ஆடாயிற்று. டியூரரைப் பின்பற்றிய ஹான்ஸ் ஹோஃப்மன் என்ற நியூரம்பர்க் ஓவியரும் 1585 வாக்கில் முயலொன்றை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியபோது, வெறுந்தாளின் இடத்தில் செடிகொடிகள் அடர்ந்த காட்டைக் கொண்டுவந்து, அதன் நடுவே அதை அமர்த்தினார். பழைய ஓவியத்தைப் படித்துவிட்டுத் தன் விலங்கைத் தனக்குரிய இடத்தில் வைப்பது அன்றே நடந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய தெம்பு.

கடைசியாகக் கண்ணுக்கு வந்தேன். டியூரரின் முயலின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தால், சட்டங்களோடு ஒரு சாளரம் அதில் பிரதிபலிப்பது தெரியும். ஆட்டின் கருவிழித்துளை முயலினுடையதைப் போல் வட்டமானதன்று, கிடைமட்டமாக நீண்ட பிளவு. அதன் மேலே என்ன பிரதிபலிக்கிறது என்று அருகில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். இரு வீட்டு மாடிகளுக்கு இடையே தெரியும் ஒடுங்கிய வானம். அதன் குறுக்கே துணி காயும் கொடி. ஆறாம் தாளில், குட்டிக்குக் கொம்பு முளைவிட்டிருந்த நாளில், அந்த வானத்தை வெள்ளையில் ஒரே கீற்றாக வைத்து, அதன்மேல் கொடியை ஒரு மயிரிழைக் கோடாக இழுத்தேன்.