பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஓர் ஊஞ்சல்

உள்ளக வடிவமைப்பு டிப்ளமோவின் இறுதிப் பணியாக, நன்கு பழகிய ஓர் அறையை அளந்து வரைந்து மாதிரியும் செய்து தர வேண்டும் என்றார்கள். மும்பை மாட்டுங்காவில் உள்ள சித்தி வீட்டு ஹாலைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே நீளச் சுவர் முழுக்க ஓர் அலமாரி வேண்டும் என்று சித்தி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்துக்குப் பன்னிரண்டு என்று எல்லோரும் சொல்லும் அந்த அறை, டேப் பிடித்துப் பார்த்தபோது 3.10 மீட்டருக்கு 3.65 மீட்டர் இருந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் ஏமாந்திருப்பேன். மூலைக்கு மூலை அளந்ததில் ஒரு மூலைவிட்டம் 4.83 மீட்டரும் மற்றது 4.75 மீட்டரும் வந்தன. அதாவது அறை செவ்வகமே அல்ல, 3.10 மீட்டர் போவதற்குள் சுவர் ஏறத்தாழ 5 செ.மீ. விலகிவிடுகிறது.

பிளானை 1:50 அளவில் வரைந்தேன். தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் அறையைக் கிடையாக வெட்டி மேலிருந்து பார்ப்பதாகக் கொண்டு, வெட்டுப்படும் சுவருக்குத் தடித்த கோடும், கீழே தெரியும் சாமான்களுக்கு மெல்லிய கோடும், தலைக்கு மேலுள்ள பீமுக்கும் பரணுக்கும் விட்டு விட்டு வரும் கோடும் இடுவது மரபு. இந்த மரபில், ஹாலின் நடுவே தொங்கும் சித்தப்பாவின் ஊஞ்சல் அசையாத ஒரு நீள்கட்டமாகிவிட்டது. 60 செ.மீ. ஆழ அலமாரியை நீளச் சுவரோரம் வைத்தேன். தாளில் எல்லாம் பொருந்தியது.

அடுத்து ஸ்கெட்ச்அப் என்ற கணினி மென்பொருளில் முப்பரிமாணப் படம். சிறிய அறைக்குள் கேமராவைப் பின்னால் நகர்த்த இடமில்லாததால், எல்லோரும் செய்வதுபோல் நானும் பார்வைக் கோணத்தை 35 பாகையிலிருந்து 65 ஆக விரித்தேன். படத்தைப் பார்த்த சித்தி, "என்னடி இது, நம்மாத்து ஹாலா, கல்யாண மண்டபமா?" என்றார். இன்று விற்பனைக்காகக் காட்டப்படும் படங்களில் பெரும்பாலானவற்றின் மீது எனக்குச் சந்தேகம் பிறந்தது அந்த நொடியில்தான். கோணத்தைப் பழையபடி குறைத்து, ஒரு சுவரை மறைத்துவிட்டு, அறைக்கு வெளியே நின்று பார்ப்பதுபோல் படத்தை மறுபடி எடுத்தேன்.

எனக்கு மிகவும் உதவியது ஒரு பழைய முறை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிப்பதுபோல், பிளானைச் சுற்றி நான்கு சுவர்களையும் படுக்க வைத்து ஒரே தாளில் வரைந்தார்கள். அப்படி விரித்தபோதுதான் 2.45 மீட்டரில் தொங்கும் பீமும், அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளவிருந்த சுவிட்ச்போர்டும் கண்ணில் பட்டன.

மாதிரியை 1:20 அளவில், 5 மி.மீ. தடிமனுள்ள சன்போர்டு என்ற நுரை அட்டையில் செய்தேன். அடித்தட்டை அறையின் உள்ளளவுக்கே வெட்டி அதன் மேலேயே சுவர்களை நிறுத்தியதால், பக்கத்துக்கு 5 மி.மீ. வீதம், நிஜ அளவில் நீளம், அகலம் இரண்டிலும் அறை 20 செ.மீ. சுருங்கிப்போயிற்று. ஃபெவிகால் காய்ந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது போன்ற எரிச்சல் வேறில்லை. இரண்டாம் முறை சுவர்களை அடித்தட்டுக்கு வெளியே ஒட்டி, ஒரு சுவரை மட்டும் கழற்றும்படி விட்டேன். நிற்பவரின் கண்மட்டமான 1.5 மீட்டர், மாதிரியில் 7.5 செ.மீ.; அந்த உயரத்தில் கைபேசியின் லென்ஸை வைத்து எடுத்த படம், கணினிப் படத்தைவிட அறைக்கு நெருக்கமாக இருந்தது.

ஊஞ்சலைத் தையல் நூலிலும் தீக்குச்சிகளிலும் கட்டித் தொங்கவிட்டேன். சித்தி அதை விரலால் மெல்லத் தள்ளினார். அது நேராகப் போய் அலமாரியில் இடித்தது.

முதலிலேயே வரைந்திருக்க வேண்டிய வெட்டுத்தோற்றத்தை, அதாவது அறையைச் செங்குத்தாக வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கும் படத்தை, அன்றிரவு வரைந்தேன். கூரை 2.90 மீட்டர், பலகை தரையிலிருந்து 45 செ.மீ. என்றால் சங்கிலி 2.45 மீட்டர், 20 பாகை வீசினாலே பலகையின் நடுப்பகுதி 84 செ.மீ. நகரும், விளிம்போ 1.05 மீட்டரைத் தொடும். அறையின் நடுவிலிருந்து அலமாரியின் முகப்புக்கு இருந்ததோ 95 செ.மீ. மட்டுமே, அமர்ந்திருப்பவரின் கால்களை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

அலமாரியை ஊஞ்சல் வீசும் திசைக்கு இணையான 3.10 மீட்டர் சுவருக்கு மாற்றி, சுவர் விலகும் மூலையில் இடைவெளியை அடைக்க ஒரு மரப்பட்டியைச் சேர்த்து, சுவர்களை விரித்த தாளை மீண்டும் முதலிலிருந்து வரைந்தேன். வெட்டுத்தோற்றத்தில் ஊஞ்சலின் வீச்சை விட்டு விட்டு வரும் வளைகோடாகக் காட்டியிருக்கிறேன்.