கால அவகாசமே காவல்

2025 பிப்ரவரியில் '2024 ஒய்ஆர்4' என்ற சிறுகோளைப் பற்றிய செய்தி எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தபோது, அதில் அறிவியலைவிட அச்சமே மிகுந்திருந்தது. அந்தச் சிறுகோள் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதுவதற்குச் சிறிய வாய்ப்பு உண்டு என்றும், அப்படி மோதினால் அது விழக்கூடிய இடங்களின் பட்டை கிழக்குப் பசிபிக்கில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீள்கிறது என்றும் விண்வெளி முகமைகள் நிதானமாகச் சொல்லியிருந்தன. கைப்பேசிகளில் பரவிய காணொளிகளிலோ அது 'இந்தியாவை நோக்கி வரும் விண்கல்' என்று சுருங்கிவிட்டது. கொடைக்கானலில் நான் அறிவியல் பாடம் நடத்தும் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: "முதலில் ஒரு சதவீதம் என்றார்கள், இப்போது மூன்று சதவீதம் என்கிறார்கள். அப்படியென்றால் அது நம் பக்கம் திரும்பிவிட்டதா, சார்?"

மிகச் சரியான கேள்வி அது. செய்தி எழுதியவர்களில் பலர் கேட்டிருக்க வேண்டியதும்கூட.

சிறுகோள் தன் பாதையை மாற்றிக்கொள்ளவில்லை. மாறியது நம்முடைய அறிவின் அளவு மட்டுமே. பூம்பாறைச் சரிவில் நூறு பூண்டு வயல்கள் இருக்கின்றன என்றும், இரவில் ஒரு காட்டெருமை அவற்றில் ஏதோ ஒன்றில் இறங்கிவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். எந்த வயல் என்று தெரியாதவரை, அது உங்கள் வயலில் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று. காவலுக்குப் போனவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து, எழுபது வயல்களில் இல்லை என்று சொல்லிவிட்டால், காட்டெருமை ஓரடிகூட நகராமலேயே உங்கள் வயலின் வாய்ப்பு முப்பதில் ஒன்றாக, அதாவது மூன்று சதவீதத்துக்குச் சற்று மேலாக உயர்ந்துவிடுகிறது. பிறகு வேறொரு வயலில் குளம்புத் தடம் தென்பட்டதும் அது ஒரேயடியாகச் சுழியத்துக்கு இறங்கிவிடும். ஒய்ஆர்4 விஷயத்திலும் இதுதான் நடந்தது. புதிய அளவீடுகள் சேரச் சேர, 2032-இல் அது இருக்கக்கூடிய இடங்களின் நீளம் குறுகிக்கொண்டே வந்தது; குறுகிய அந்த நீளத்துக்குள் பூமி இன்னும் இருந்ததால் பூமியின் பங்கு கூடியது. பிப்ரவரி 18 அன்று நாசாவின் கணக்கு 3.1 சதவீதத்தைத் தொட்டது. ஒரே வாரத்துக்குள் அந்தக் குறுகிய நீளத்துக்கு வெளியே பூமி போய்விட, வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே விழுந்தது. முதலில் உயர்ந்து பிறகு சரிவது இத்தகைய கணக்குகளின் இயல்பான போக்கு என்பதை மக்கள் அறிந்திருந்தால், அந்தச் சில வாரங்களின் பதற்றத்தில் பாதி இருந்திருக்காது.

இதே போக்கை இதைவிடத் தீவிரமாக ஒருமுறை கண்டிருக்கிறோம். 2004 ஜூனில் கண்டுபிடிக்கப்பட்ட அபோபிஸ் சிறுகோள் 2029 ஏப்ரல் 13 அன்று பூமியில் மோதுவதற்கான வாய்ப்பு, அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் 2.7 சதவீதம் வரை ஏறியது. சுமார் 340 மீட்டர் குறுக்களவு கொண்ட பாறை என்பதால் அது சாதாரண எச்சரிக்கையாக இருக்கவில்லை. அந்தக் கவலையைத் தீர்த்தவை பழைய படங்கள். ஸ்பேஸ்வாட்ச் என்ற தேடல் திட்டம் அதே ஆண்டு மார்ச்சில் எடுத்துவைத்திருந்த படங்களில், அதுவரை யாரும் கவனிக்காமல் விட்டிருந்த அபோபிஸின் மங்கலான புள்ளி அகப்பட்டது. கண்டுபிடிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன் அது எங்கே இருந்தது என்று தெரிந்ததும் பாதையின் கணக்கு இறுகி, 2029-இல் மோதாது என்பது உறுதியாயிற்று. 2021-இல் ரேடார் அளவீடுகளுக்குப் பிறகு, இன்னும் குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு அதனால் ஆபத்தில்லை என்றும் அறிவித்தார்கள்.

எதற்குப் பயன்படும் என்று தெரியாமலேயே ஒருவர் ஒழுங்காக எடுத்து, தேதியிட்டு, பாதுகாத்து வைத்த படம் ஒரு நாள் உலகத்தின் கவலையைத் தீர்க்கிறது என்பதை, கொடைக்கானலில் வாழும் எவரும் எளிதில் உணர முடியும். 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் ஆவலும் சேர்ந்து, 1899-இல் இங்கே சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. அங்கே நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனின் படங்களைக் கண்ணாடித் தகடுகளில் எடுத்துவைத்திருக்கிறார்கள். அந்தத் தகடுகள் இன்று எண்ணிம வடிவம் பெற்று, சூரியப் புள்ளிகளின் நீண்டகால ஏற்ற இறக்கங்களை ஆராய்பவர்களுக்கு உலகெங்கும் உதவுகின்றன. அந்த ஆய்வகம் சிறுகோள்களைத் தேடுவதில்லை. ஆனால் அதற்கு முன்னோடியாக இருந்த சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் என்ற வானியலாளர் 1861 முதல் 1885 வரை ஐந்து சிறுகோள்களைக் கண்டுபிடித்தார். அவற்றுள் முதலாவதன் பெயர் ஆசியா. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அந்தப் பெயர். அவர் 1866-இல் கண்ட சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பது இந்த நூற்றாண்டில்தான் தெரியவந்தது.

பின்னர் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், வானத்தின் பரந்த பகுதியை ஒரே படத்தில் பிடிக்கும் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு, வானியலாளர் ராஜமோகன் தலைமையில் 'கல்கி' என்ற சிறுகோள் தேடல் திட்டம் நடந்தது. 1988 பிப்ரவரியில் அங்கே கண்டெடுத்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. தமிழ்நாட்டின் மலை ஒன்றிலிருந்து, மிதமான கருவி ஒன்றைக் கொண்டு, இத்தனை தொலைவு போக முடிந்திருக்கிறது என்பதை எங்கள் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. அத்தகைய தேடல் ஒன்று இங்கே நிரந்தரமாக, ஒரு மீட்டர் அளவுள்ள தொலைநோக்கியுடன் நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பத்து டிகிரி வட அகலாங்கில் இருக்கும் எங்களுக்குத் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். தேடல் தொலைநோக்கிகளில் பல வட அரைக்கோளத்தில் இருப்பதால், தென்வானத்தைப் பார்க்கும் கண்கள் நெடுங்காலமாகக் குறைவு.

தேடலை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் ஒரு எளிய கணக்கு. ஒரு சிறுகோளின் வேகத்தை நொடிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் மாற்றிவிட்டதாகக் கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் சுமார் மூன்று கோடியே பதினைந்து லட்சம் நொடிகள். பத்தாண்டுகளில் அந்தச் சிறுகோள் தான் இருந்திருக்க வேண்டிய இடத்திலிருந்து 3,150 கிலோமீட்டர் விலகியிருக்கும்; இருபதாண்டுகளில் 6,300 கிலோமீட்டர், ஏறக்குறைய பூமியின் ஆரம். வேகம் மாறினால் சுற்றும் காலமும் மாறுவதால், உண்மையில் விலகல் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதே சிறுகோளை மோதலுக்கு ஒரு மாதம் முன்புதான் கண்டோம் என்றால், அதே விலகலைப் பெற நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வேகத்தை மாற்றியாக வேண்டும். நூற்றுக்கணக்கான மீட்டர் குறுக்களவுள்ள பாறைக்கு அவ்வளவு உந்துதலைக் கொடுக்கும் கருவி நம்மிடம் இல்லை.

எவ்வளவு உந்துதல் நம் கைக்கு எட்டும் என்பதை, சோதனைக்காக நாசா ஒரு சிறுகோள் மீது வேண்டுமென்றே மோதவிட்ட டார்ட் விண்கலம் காட்டியது. 2022 செப்டம்பர் 27 அன்று, நம் நேரப்படி அதிகாலை 4.44 மணிக்கு, சுமார் 580 கிலோ எடையுள்ள அந்தக் கலம் நொடிக்கு 6 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் டைமார்ஃபஸ் மீது மோதியது. டைமார்ஃபஸ், டிடிமோஸ் என்ற பெரிய சிறுகோளைச் சுற்றிவரும் சுமார் 150 மீட்டர் அளவுள்ள துணைக்கோள். இரண்டாலும் பூமிக்கு ஆபத்தில்லை. 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்றுக்காலம் அரை மணிநேரத்துக்கும் மேலாகக் குறைந்தது. 73 நொடி குறைந்தாலே வெற்றி என்று முன்பே வரையறுத்திருந்தார்கள். இவ்வளவு பெரிய மாற்றத்துக்குக் காரணம் மோதலில் பீறிட்டு எழுந்த தூசியும் கற்களும்தான்: அவை பின்னோக்கிச் சிதறியபோது சிறுகோளை முன்னோக்கித் தள்ளின, கலம் தன்னளவில் கொடுத்த உந்துதலைப் போல மூன்றரை மடங்கு உந்துதல் கிடைத்தது. அத்தனையும் சேர்ந்தும் டைமார்ஃபஸின் வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் நொடிக்கு 2.7 மில்லிமீட்டர் மட்டுமே. இந்த எண்ணைத்தான் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். மோதி விலக்கும் முறை வேலை செய்கிறது; ஆனால் அதற்குப் பல ஆண்டு அவகாசம் வேண்டும். ஒரு கலத்தைப் பாறையின் அருகில் நிறுத்தி, ஈர்ப்பால் மெல்ல இழுக்கும் முறைக்கு அதைவிட நீண்ட அவகாசம் தேவை. அவகாசம் இல்லாதபோது மிஞ்சுவது அணுகுண்டைப் பற்றிய பேச்சுதான். அந்த நிலைக்கு நாம் போகாமல் இருப்பதே நல்லது.

பார்க்க முடியாத திசை ஒன்றும் இருக்கிறது: சூரியன் இருக்கும் திசை. 2013 பிப்ரவரி 15 அன்று, 2012 டிஏ14 என்ற சிறுகோள் 27,700 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைக் கடக்கப்போவதை வானியலாளர்கள் கணித்துக் காத்திருந்தார்கள். அதே நாள் காலையில், அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத, சுமார் 20 மீட்டர் அளவுள்ள வேறொரு பாறை சூரியனின் திசையிலிருந்து வந்து, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. ஒளியைக் கண்டு என்னவென்று பார்க்க ஜன்னலருகே வந்தவர்கள் மீது, ஒரு நிமிடத்துக்கும் மேல் தாமதித்து வந்த அதிர்வலை கண்ணாடிகளை உடைத்துத் தெறித்தது; சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். ஒளி வந்த பிறகு ஜன்னலை விட்டு விலகிப் படுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு சிறு அறிவு அந்த எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்திருக்கும். நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பள்ளிகளில் பயிற்சி தருகிறோமே, அதில் இந்த ஒரு வரியையும் சேர்க்கலாம்.

ஒய்ஆர்4-உம் பகல் பக்கத்திலிருந்துதான் வந்தது. 2024 டிசம்பர் 25 அன்று பூமியைக் கடந்து போனபின், இரண்டு நாள் கழித்தே சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டது. தரையிலிருந்து எத்தனை தொலைநோக்கிகளை அமைத்தாலும் இந்தக் குறை முழுதாகத் தீராது. அதனால்தான் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியன் பக்கமாக நின்று, பாறைகளின் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிரில் தேடும் நியோ சர்வேயர் விண்கலத்தை 2027-இல் ஏவ நாசா திட்டமிட்டிருக்கிறது. கரியைப் போலக் கறுத்த பாறைகள் சூரிய ஒளியை அதிகம் எதிரொளிப்பதில்லை. ஆனால் சூடாக இருப்பதை அவற்றால் மறைக்க முடியாது.

ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பெரிய சிறுகோள்களில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தாகிவிட்டது. 140 மீட்டருக்கு மேற்பட்டவை ஏறத்தாழ 25,000 இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவற்றில் பாதிகூட இன்னும் பட்டியலில் இல்லை. ஒரு மாவட்டத்தையே அழிக்கக்கூடிய அளவு அது. சிலியின் வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் வெளியிட்ட முதல் படங்களிலேயே, சுமார் பத்து மணிநேரப் பதிவுகளில் 2,104 புதிய சிறுகோள்களைக் கண்டதாக அறிவித்தது. அவற்றில் ஏழு பூமிக்கு அருகே வருபவை, எவையும் ஆபத்தானவை அல்ல. அடுத்த பத்தாண்டில் பட்டியல் வேகமாக நிரம்பும். கூடவே, ஒய்ஆர்4 போன்ற எச்சரிக்கைகளும் அடிக்கடி வரும். அவற்றை அஞ்சாமல் படிக்கத் தெரிந்த மக்கள் நமக்கு வேண்டும்.

எங்கள் மலையில் இதற்கென்று செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொடைக்கானல் நகரத்தைச் சுற்றி விடுதிகளின் விளக்குகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி, வானத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருக்கின்றன. மன்னவனூர், கூக்கால் பக்கம் இன்னும் நல்ல இருட்டு மிஞ்சியிருக்கிறது. லடாக்கின் ஹான்லேயை 2022-இல் இருள்வானக் காப்பிடமாக அறிவித்து, அங்குள்ள கிராமத்து மக்களையே வானம் காட்டும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தார்கள். மேல்பழனி மலைக் கிராமங்களுக்கும் அப்படி ஓர் ஏற்பாட்டைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. விளக்கை அணைக்கச் சொல்லவில்லை; ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடி போடச் சொல்கிறேன்.

நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், அதிகாலை 3.16 மணியளவில் அபோபிஸ் பூமிக்கு மிக அருகே வரும். தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரம். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிற்கும் உயரத்தைவிடக் குறைவு. கீழை அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு அந்த இரவில் வெறுங்கண்ணுக்கே தெரியக்கூடும் என்கிறார்கள். பார்ப்பதற்கு உகந்த நேரத்தையும் திசையையும் கணக்கிட்டு அந்த ஆண்டு இங்கே எழுதுவேன். அதுவரை பிள்ளைகள் வெறுமனே காத்திருக்க வேண்டியதில்லை. பன்னாட்டு வானியல் தேடல் கூட்டமைப்பு என்ற அமைப்பு, ஹவாயிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பள்ளிக் குழுக்களுக்கு இணையம் வழியாகக் கட்டணமின்றி அனுப்புகிறது. ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளிகளில் எடுத்த படங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, அசையாத விண்மீன்களுக்கு நடுவே அசையும் புள்ளியைக் குறித்து அனுப்ப வேண்டும். இந்திய மாணவர்கள் பலர் இப்படிப் புதிய சிறுகோள்களைக் கண்டிருக்கிறார்கள். ஒரு கணினியும் இணைய இணைப்பும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும். கொடைக்கானல் வட்டாரத்துப் பள்ளிகளில் எதுவானாலும், குழு அமைக்கவும் மென்பொருளைப் பழகவும் நான் வந்து உதவுகிறேன்.