பழைய 20 மி.மீ. நிக்கோரும் ஆத்தங்குடித் தரையும்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய ஸ்டுடியோவை மூடியபோது அலமாரியில் கிடந்தவற்றை எடைக்குப் போடுவது போல விற்றார்கள். அதில் எனக்கு வந்தது நிக்கான் கம்பெனியின் ஓர் அகலக் கோண லென்ஸ், நிக்கோர் யு.டி. 20 மி.மீ. எஃப் 3.5. 1960களின் பிற்பகுதியில் வந்த லென்ஸ், முழுக்க உலோகமும் கண்ணாடியும்தான். பெயரில் இருக்கும் யு.டி., உள்ளே 11 கண்ணாடித் துண்டுகள் இருப்பதைக் குறிக்கும் நிக்கான் கணக்கு. முன்பக்கம் 72 மி.மீ. ஃபில்டர் போடும் அளவுக்கு அகலம். கையில் வாங்கியதும் கனம் தெரியும்.

பழைய லென்ஸ் எது வந்தாலும் நான் முதலில் செய்வது டார்ச் அடிப்பதுதான். அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டு, லென்ஸை லேசாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஃபங்கஸ் இருந்தால் ஓரத்திலிருந்து மெல்லிய நரம்பு போல உள்நோக்கி ஓடும். நம் ஊர் ஈரத்தில் பெட்டிக்குள்ளேயே கிடந்த லென்ஸ்களில் பாதி இதில் தோற்றுவிடும். இதில் தூசி நிறைய, ஃபங்கஸ் இல்லை. ஃபோகஸ் வளையம் மட்டும் கிரீஸ் இறுகி, மனசில்லாமல் திரும்பியது. அது பரவாயில்லை, அகல லென்ஸில் அவசரமாகத் திருப்ப வேண்டிய தேவை குறைவு.

இந்த லென்ஸுக்கு ஒரு அண்ணன் உண்டு, 2.1 செ.மீ. எஃப் 4. அதன் பின்பாகம் கேமராவுக்குள் ஃபிலிமை ஒட்டிப் போய் நிற்கும். கேமராவுக்குள் வியூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்பிவிடும் கண்ணாடியை (மிரர்) மேலே தூக்கிப் பூட்டினால்தான் மாட்ட முடியும், பார்ப்பதற்குத் தனி வியூஃபைண்டர் வேண்டும். இன்றைக்கும் நிக்கான் டிஜிட்டல் கேமராக்களின் கையேட்டில் ‘மாட்டக் கூடாதவை’ பட்டியலில் அதன் பெயரைப் பார்க்கலாம். யு.டி. அப்படியில்லை. கேமராவின் கண்ணாடி ஏறி இறங்க இடம் விட்டு, பின்னால் தள்ளி நிற்கும்படி வடிவமைத்தார்கள். அதனால்தான் இத்தனை துண்டுகளும் இந்தக் கனமும். அன்றைக்கு அது சமரசம். சென்சார் வந்த பிறகு அதே சமரசம் இதற்கு வரமாகிவிட்டது. சென்சாருக்கு மேல் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. ஒட்டி நிற்கும் பழைய அகல லென்ஸ்களிலிருந்து ஓரத்துக்கு வரும் ஒளி அதன் மேல் ரொம்பச் சாய்ந்து விழும். மூலைகள் குழம்பும், சில கேமராக்களில் ஓரம் ரோஸ் நிறமாகும். வாய்க்ட்லேண்டர் 15 மி.மீ. ஹீலியார் என்ற அகல லென்ஸ் இந்தக் காரணத்தால் பெயர் கெட்டு, 2015-இல் மூன்றாவது வடிவத்தில் சரியானது. யு.டி.யில் எந்த பாடியிலும் இந்த நிறக் கோளாறை நான் பார்க்கவில்லை.

சரி, எதில் மாட்டுவது? நான் கல்யாண வேலைக்கு வைத்திருப்பது நிக்கான் டி750 கேமரா. அதில் இதை அப்படியே மாட்டவே கூடாது. 1977-இல் நிக்கான், லென்ஸின் அபெர்ச்சர் அளவைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் ஏ.ஐ. முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய லென்ஸ்களின் அபெர்ச்சர் வளையம் பாடியின் விளிம்பில் இருக்கும் சின்னக் கொக்கியில் போய் இடிக்கும், அழுத்தினால் கொக்கி உடையும். வளையத்தை ராவி மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், எனக்கு இதை ராவ மனம் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், விலை குறைந்த டி5600-இல் அந்தக் கொக்கியே கிடையாது, நிம்மதியாக மாட்டலாம். எல்லாவற்றையும் கையால் வைக்கும் எம் மோடு மட்டும்தான், மீட்டர் வேலை செய்யாது. ஆனால் அந்தச் சின்ன சென்சாரில் 20 என்பது 30 மி.மீ. போலத்தான் தெரியும். அதற்கு இவ்வளவு கனத்தைத் தூக்குவானேன்?

ஆகவே உள்ளே அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா. நண்பரிடம் சோனி ஏ7 மார்க் 3 இரவல் வாங்கினேன், இணையத்தில் கிடைக்கும் மலிவான அடாப்டரோடு. அதில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழட்டும்’ என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெடிஷாட்டில் 20 என்று கையால் போட வேண்டும். போட்டாயிற்று. ஆனால் லென்ஸ் மேல் எழுதியிருக்கும் தூரக் கணக்கு எதுவும் ஒத்துவரவில்லை. எதிர் வீட்டு மாடி, 4 மீட்டருக்குக் கொஞ்சம் முன்பே தெளிவாகிறது. இன்ஃபினிட்டி (முடிவில்லாத் தூரம்) குறியில் வைத்தால் எல்லாம் மங்கல்.

காரணம் அடாப்டரின் தடிமன். மலிவான அடாப்டர்களை வேண்டுமென்றே ஒரு மயிரிழை ஒல்லியாகச் செய்வார்கள், இன்ஃபினிட்டி கிடைக்கவில்லை என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாதல்லவா. 50 மி.மீ. லென்ஸில் 0.1 மி.மீ. குறைந்தால் இன்ஃபினிட்டி 25 மீட்டர் குறிக்கு நகரும், கண்டுகொள்ளவே மாட்டோம். 20 மி.மீ.யில் அதே 0.1 மி.மீ. அதை 4 மீட்டருக்கு இழுத்து வந்துவிடும். இது மற்றவர்களுக்குச் சின்ன விஷயம், அகல லென்ஸ்காரனுக்கு இதுதான் தலைவலி. துளையைச் சுருக்கி எஃப் 8-இல் 1.7 மீட்டரில் வைத்துவிட்டால் முக்கால் மீட்டர் சொச்சத்திலிருந்து வானம் வரை தெளிவு என்ற பழைய கணக்கை நம்பித்தானே இந்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்! தெளிவான ஓரங்களுக்குத் திரையில் நிறக் கோடு போட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கும் உதவாது. எஃப் 8-க்குப் போனால் திரை முழுக்கச் சிவப்புக் கோடு மினுங்கும், எது நிஜமான ஃபோகஸ் என்று தெரியாது. அபெர்ச்சரைத் திறந்து, பெரிதாக்கிப் பார்த்து, பிறகு மூடுவதுதான் வழி.

அப்புறம் இன்னொரு மிரர்லெஸ், நிக்கான் இசட்6, நிக்கானின் சொந்த எஃப்.டி.இசட். அடாப்டரோடு. அந்த அடாப்டரிலும் பழைய கொக்கி இல்லை, இடிக்கவில்லை. தூரக் குறிகளும் ஓரளவு உண்மை பேசின.

சோதனைக்குச் செங்கல் சுவரைத் தேடிப் போகவில்லை. தெரிந்த ஆச்சி வீட்டில் நடு முற்றமான வளவைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றிக் கையால் செய்கிற கல், கட்டம் கட்டமாக ஓடும். டிஸ்டார்ஷன், அதாவது நேர்கோடு வளைகிறதா என்று பார்க்க இதைவிட என்ன வேண்டும்? கையால் பதித்த தரை என்பதால் கோடே வளைந்திருக்குமோ என்று கொத்தனார் மாதிரி நூல் பிடித்துப் பார்த்தேன். நேர்தான்.

“தம்பி, வீட்டையெல்லாம் விட்டுட்டுத் தரையைப் போய் எடுக்கிறீகளே?” என்றார் ஆச்சி.

எஃப் 3.5-இல் நடுப்பகுதி நன்றாகவே இருந்தது. கல்லில் இருந்த மயிர் போன்ற விரிசல்கூடத் தெரிந்தது. மூலைகள் சுமார், இருட்டும் கூட. எஃப் 5.6-இல் இருட்டு விலகியது, எஃப் 8-இல் ஓரங்கள் தேறின, எஃப் 11 தான் நல்ல இடம். எஃப் 16-க்குப் போனால் எல்லாமே கொஞ்சம் மழுங்கும். முக்கியமாக ஒன்று: நடுவில் ஃபோகஸ் வைத்தால் மூலை விட்டுப்போகிறது, மூலையில் வைத்தால் மூலை தெளிகிறது. அதாவது மூலை மோசமில்லை, ஃபோகஸ் தளம் வளைந்திருக்கிறது. மூலையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு லென்ஸைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பார்ப்பதில்லை. கட்டங்கள் லேசாக வெளிப்பக்கம் புடைத்தன, தூண்களை எடுக்கும்போது உறுத்தாத அளவுக்கு. இன்றைய மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றின் வளைவைக் கேமராவே கணக்குப் போட்டு நிமிர்த்திக் காட்டுகிறது. இது கண்ணாடி மட்டுமே தரும் கோடு.

வளவின் மேலிருந்து வெயில் நேராக இறங்கும்போதுதான் வயது தெரிந்தது. கண்ணாடியில் எதிரொளிப்பைக் குறைக்கப் பூசிய கோட்டிங் பழையது. வெளிச்சம் முன்கண்ணாடியில் பட்டதும் பச்சையும் ஊதாவுமாகப் பொட்டுகள் வரிசை கட்டின, தேக்குத் தூணின் கருமை சாம்பலாக வெளுத்தது. கையை மறைப்பாகப் பிடித்தால் இவ்வளவு அகலத்தில் கையும் படத்தில் விழுகிறது. வெயில் சற்றுச் சாயும்வரை காத்திருப்பதுதான் வழி.

கிளம்பும்போது ஆச்சி, மகன் குடும்பத்தோடு ஒரு படம் கேட்டார். இதே லென்ஸில் எடுத்துக் காட்டினேன். “ஓரத்துல நிக்கிற எம் பேரன் ஏன் இப்படி ஊதிப்போய் இருக்கான்?” லென்ஸின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோட்டை நேராகக் காட்டும் எந்த 20 மி.மீ.யிலும் பக்கவாட்டு ஓரத்தில் நிற்பவரின் தலை, உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அகலமாகத்தான் விழும். புதிது வாங்கினாலும் அப்படித்தான். எல்லோரையும் நடுவுக்கு நெருக்கினாலும் எட்டுப் பேரை எத்தனைதான் நெருக்குவது? டி750-ஐ எடுத்து, 35 மி.மீ. போட்டு, நாலு எட்டுப் பின்னால் போய் எடுத்துக் கொடுத்தேன்.

யு.டி.யை விற்கப் போவதில்லை. இசட்6 ஒன்று பழையது கிடைத்தால் வாங்குவதாக இருக்கிறேன். கிரீஸ் மாற்றத் தெரிந்த ஆள் மதுரையிலோ திருச்சியிலோ இருந்தால் சொல்லுங்கள்.